தோற்றவர் முறையிட ஓர் இடம்

2007 டிசம்பர் 30, ஞாயிற்றுக்கிழமை மாலை. கென்யத் தலைநகர் நைரோபியில் அதிபர் தேர்தல் வாக்குகளைத் தொகுத்துக்கொண்டிருந்த மாநாட்டு மையத்தில் ஒரே கூச்சல், தள்ளுமுள்ளு. தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுயிட்டு தனி அறைக்குப் போய், அரசுத் தொலைக்காட்சி வழியாக முடிவைப் படித்தார். பதவியிலிருந்த அதிபர் முவாய் கிபாகிக்கு 45,84,721 வாக்குகள், எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவுக்கு 43,52,993. ஒரு மணி நேரம் போவதற்குள், இருட்டத் தொடங்கிய வேளையில், அதிபர் மாளிகைப் புல்வெளியில் கிபாகி மறுபடியும் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். நேரடி ஒளிபரப்புகளுக்குத் தடை விழுந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து, உண்மையில் கிபாகிதான் வென்றாரா என்று கேட்ட செய்தியாளர்களிடம் தமக்குத் தெரியாது என்றார் கிவுயிட்டு. முடிவை அறிவித்தவரே அவர்தான்.

கென்யா பற்றியெரிந்தது. எல்டோரெட் அருகே கியம்பா என்ற ஊரில், உயிருக்குப் பயந்து தேவாலயத்துக்குள் ஒதுங்கியிருந்த, கிபாகியின் கிகுயு இன மக்களை உள்ளே வைத்தே கொளுத்தினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கிசுமுவில் போராடியவர்கள் காவல்துறையின் குண்டுக்குப் பலியானார்கள்; அங்கே இந்திய வம்சாவளியினரின் கடைகளும் சூறையாடப்பட்டன. ஜனவரிக் கடைசியில் நைவாஷாவில் பழிக்குப் பழி நடந்தது. நைரோபியின் கிபேரா குடிசைப் பகுதியில் இளைஞர்கள் ரயில் தண்டவாளத்தையே பெயர்த்துப் போட்டார்கள். மொம்பாசா துறைமுகத்தை நம்பியிருந்த உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. இரண்டு மாதங்களில் 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பல லட்சம் பேர் வீடு வாசல் இழந்து கூடாரங்களில் தங்கினார்கள்.

இது ஒரே இரவில் மூண்ட கோபமல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் ரிஃப்ட் பள்ளத்தாக்கின் வளமான நிலங்கள் வெள்ளையர்களுக்கு ஒதுக்கப்பட்டன. 1963-ல் விடுதலை கிடைத்த பிறகு அந்த நிலங்களில் பல பகுதிகளில் கிகுயுக்கள் குடியேறினார்கள். தங்கள் முன்னோர் மண் கைமாறிவிட்டது என்ற மனக்குறை கலெஞ்சின் மக்களிடம் ஆறவேயில்லை. 1992, 1997 தேர்தல்களையொட்டியும் அங்கே ரத்தம் சிந்தியது. 2002-ல் ஒடிங்காவின் ஆதரவோடு அதிபரான கிபாகி, அப்போது செய்துகொண்ட அதிகாரப் பகிர்வு உடன்பாட்டைக் காப்பாற்றவில்லை. 2005-ல் புதிய அரசியல் சட்ட வரைவுக்கு வாக்கெடுப்பு நடந்தபோது, ஆம் என்பதற்கு வாழைப்பழமும் இல்லை என்பதற்கு ஆரஞ்சுப்பழமும் சின்னங்களாயின. ஆரஞ்சு வென்றது. அதுவே ஒடிங்காவின் கட்சிப் பெயரானது. அந்தக் கட்சி 2007 நாடாளுமன்றத் தேர்தலில் 99 இடங்களைப் பிடித்தது. கிபாகியின் கூட்டணிக் கட்சிக்குக் கிடைத்தவை 43. அதிபருக்கான எண்ணிக்கையிலும் தொடக்கத்தில் ஒடிங்கா வெகுவாக முன்னிலையில் இருந்தார். அந்த முன்னிலை கடைசி இரண்டு நாள்களில் கரைந்துபோனதை அவருடைய ஆதரவாளர்களால் ஜீரணிக்க முடியவில்லை.

அப்படியானால் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கிபாகி தரப்பும் அதைத்தான் சொன்னது. ஒடிங்காவின் கட்சி மறுத்துவிட்டது. அதன் காரணத்தைப் புரிந்துகொள்ள இரண்டு பழைய வழக்குகளைப் பார்த்தாலே போதும்.

1992 தேர்தலில் டேனியல் அராப் மோயிடம் தோற்ற கென்னத் மாட்டிபா வழக்குத் தொடுத்தார். மோய் அரசின் தடுப்புக் காவலில் இருந்தபோது பக்கவாதம் வந்து, எழுத முடியாத நிலையில் இருந்தவர் அவர். அதனால் மனுவில் அவர் மனைவி கையெழுத்திட்டார். மனுதாரர் தம் கையால் கையெழுத்திடவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். அடுத்த 1997 தேர்தலிலும் மோயே வென்றார். இம்முறை தோற்றவர் போட்ட வழக்கு, மனுவின் நகலை அதிபர் கையில் நேரில் கொடுக்கவில்லை என்ற காரணத்தால் தள்ளுபடியானது. ஆயுதக் காவலர்கள் சூழ்ந்த அதிபரிடம் ஒருவர் எப்படி நேரில் நீட்ட முடியும்? அந்த வழக்கைப் போட்டுத் தோற்றவர் வேறு யாருமில்லை, முவாய் கிபாகி. இரண்டு வழக்குகளிலும் வாக்குகளைப் பற்றிய கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. நீதிமன்றத்தின் மேல் நம்பிக்கை போனபின், தோற்ற தரப்புக்குத் தெரு ஒன்றுதான் மிஞ்சியது. 1,100 உயிர்கள் போனதற்கு நிலத் தகராறும் இனப்பகையும் காரணம் என்றால், இந்த வெற்றிடமும் அதே அளவு காரணம்.

ஐ.நா.வின் முன்னாள் பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் வாரக்கணக்கில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். 2008 பிப்ரவரி 28-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. கிபாகி அதிபராகத் தொடர, ஒடிங்காவுக்காகப் பிரதமர் பதவி உருவாக்கப்பட்டது. தேர்தலை ஆராய்ந்த தென்னாப்பிரிக்க நீதிபதி யோஹான் கிரீக்ளர் தலைமையிலான குழு, இரு தரப்பின் கோட்டைகளிலும் முறைகேடு நடந்திருப்பதால் உண்மையில் வென்றது யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது என்றது. பழைய தேர்தல் ஆணையம் கலைக்கப்பட்டது.

2010-ல் மக்கள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு புதிய அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். அதில் உச்ச நீதிமன்றம் ஒன்று புதிதாகப் பிறந்தது. அதிபர் தேர்தல் முடிவை எதிர்ப்பவர் 7 நாள்களுக்குள் அங்கே வழக்குப் போட வேண்டும். 14 நாள்களுக்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும். அதுவரை பதவியேற்பு கிடையாது. பழைய நீதிபதிகள் ஒவ்வொருவராகத் தகுதி ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டார்கள். தேறாதவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். தலைமை நீதிபதி பதவிக்கான நேர்காணலைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

2013-ல் ஒடிங்கா மறுபடியும் தோற்றார். உஹுரு கென்யாட்டா 50.07 சதவீதத்தில் தப்பிப் பிழைத்தார். இம்முறை ஒடிங்கா உச்ச நீதிமன்றம் போனார், தோற்றார், தீர்ப்பை ஏற்றார். 2017-ல் மறுபடியும் அதே இருவர். கென்யாட்டா 54 சதவீதம் பெற்றதாக அறிவிப்பு வந்தது. ஆனால் தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன் ஆணையத்தின் கணினிப் பிரிவு அதிகாரி கிறிஸ் எம்சாண்டோ கொலையுண்டு கிடந்திருந்தார். வாக்குச்சாவடிப் படிவங்கள் வராமலே எண்கள் மட்டும் திரையில் ஓடின. கணினி சர்வரைத் திறந்து காட்டும்படி நீதிமன்றம் இட்ட உத்தரவை ஆணையம் முழுமையாக நிறைவேற்றவில்லை. செப்டம்பர் 1-ல் தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையில் 4-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. ஆப்பிரிக்காவில் பதவியிலிருக்கும் அதிபரின் வெற்றியை நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல்முறை. அதன்பின் வந்த மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்ததும், அந்த மாதங்களில் காவல்துறையின் கையில் பலர் இறந்ததும் கசப்பான மிச்சங்கள். நீதிமன்றம் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கும் அந்த ஆண்டே சாட்சி.

2022-ல் வந்த மாற்றம் எளிமையானது. என் கணிப்பில் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் எண்ணி முடித்து, முகவர்கள் கையெழுத்திடும் தாளுக்குப் படிவம் 34ஏ என்று பெயர். 46,000-க்கும் மேற்பட்ட சாவடிகளின் படிவங்களைப் படமெடுத்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஆணையம் இணையத்தில் போட்டது. தொலைக்காட்சிகளும் கட்சிகளும் கல்லூரி மாணவர்களும் தாங்களே கூட்டிப் பார்த்தார்கள். ஒடிங்காவைத் தோற்கடித்து வில்லியம் ரூட்டோ வென்றதாக அறிவிக்கப்பட்டபோது மேடையில் கைகலப்பு நடந்தது. ஆணையர்கள் ஏழு பேரில் நால்வர் அந்த முடிவைத் தாங்கள் ஏற்கவில்லை என்றார்கள். கிசுமுவிலும் கிபேராவிலும் டயர்கள் எரிந்தன. நெருப்பு பரவவில்லை. செப்டம்பர் 5-ல் நீதிபதிகள் எல்லோரும் ஒருமனதாக ஒடிங்காவின் மனுவைத் தள்ளினார்கள். தமக்கு உடன்பாடில்லை என்றாலும் தீர்ப்பை மதிப்பதாக அவர் சொன்னார்.

2007-ல் ஒடிங்கா தோற்றதாக அறிவிக்கப்பட்ட வித்தியாசம் 2,31,728 வாக்குகள். 2022-ல் 2,33,211. தோற்றவர் அதே மனிதர், வித்தியாசமும் கிட்டத்தட்ட அதேதான். முதல் முறை தேவாலயம் எரிந்தது. இரண்டாம் முறை வழக்கறிஞர்கள் வாதாடினார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். 2007-08 கொலைகளுக்காக ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட கென்யாட்டாவும் ரூட்டோவும் கைகோத்து 2013 தேர்தலில் வென்றார்கள். சாட்சிகள் பின்வாங்க, இரண்டு வழக்குகளும் 2016-க்குள் முடிந்துபோயின. அங்கே ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. கியம்பாவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு எந்தத் தேர்தல் சீர்திருத்தமும் நீதியாகாது. 2023 தொடக்கம் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்தல் ஆணையத்தில் தலைவரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. காலியான தொகுதிகளுக்கு இடைத்தேர்தல்கூட நடத்த முடியவில்லை. 2025 ஜூலையில்தான் புதிய ஆணையம் பதவியேற்றது. அதே ஆண்டு அக்டோபர் 15-ல், சிகிச்சைக்காகக் கேரளத்தின் கூத்தாட்டுகுளத்துக்கு வந்திருந்த ஒடிங்கா காலமானார். ஐந்து முறை அதிபர் பதவிக்குப் போட்டியிட்டு ஐந்து முறையும் தோற்றவர் அவர். அவர் இல்லாத அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்டில். அதை நடத்தப்போவது இந்தப் புதிய ஆணையம். ஒவ்வொரு சாவடியின் படிவத்தையும் இந்த முறையும் அப்படியே மக்கள் பார்வைக்கு வைக்குமா என்றுதான் கென்யர்கள் இப்போதே கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.