கடவுள் கோப்பி குடித்த கதை

நாலு வேடிக்கைத் துணுக்குகளைக் கோத்துவிட்டால் நகைச்சுவைக் கதை ஆகிவிடும் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். துணுக்கைக் கேட்டுச் சிரிக்கிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். நல்ல கதை தரும் சிரிப்போ பல்லாண்டு சென்றும் நம்மைவிட்டு அகல்வதில்லை. இவ்வேறுபாடு எங்ஙனம் உண்டாகிறது? புதுமைப்பித்தன் (1906–1948) எழுதி, 1943இல் வெளியான ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற சிறுகதையைக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

திருவல்லிக்கேணிக்கு டிராமிற் போவதா, பஸ்ஸிற் போவதா என்று காலணாக் கணக்குப் பார்த்தபடி சென்னைத் தெருமுனையில் நிற்கிறார் கந்தசாமிப் பிள்ளை. அவரிடம் வழி கேட்கிறார் ஒருவர். வந்தவர் கடவுள்! ஆயினும் பிள்ளை மயங்கி விழவில்லை, கைகூப்பி நிற்கவுமில்லை. கோப்பிக் கடைக்கு அழைத்துச் செல்கிறார். நடக்கவொண்ணாத ஒன்றை மட்டும் ஆசிரியர் கதையினுள் புகுத்துகிறார். ஏனையவெல்லாம் அன்றாட வழக்கப்படியே நடக்கின்றன. நகைச்சுவையின் முதல் உத்தி இதுவேயாகும்.

அடுத்தது, சொல்லைக் கீழே இறக்குதல். கோப்பியின் சுவையைத் தமது லீலையென்று பெருமிதங் கொள்கிறார் கடவுள். அது கடைக்காரன் கலந்த சிக்கரியின் லீலை என்று திருத்துகிறார் பிள்ளை. புராணத்தில் வீற்றிருந்த சொல் ஒரே நொடியில் கடைவீதிக்கு வந்துவிடுகிறது. அந்த வீழ்ச்சியிலே நகை பிறக்கிறது.

மூன்றாவது, நிலைமாற்றம். கூலி பெற்று உளங்குளிர்ந்த ரிக்‌ஷாக்காரன் கடவுளையே வாழ்த்துகிறான். ஆடல்வல்லானாகிய இறைவன், கலையறிந்தவரெனப் பெயர் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் முன்னே ஆடுகிறான்; அவரோ அதனை ஆட்டமென்றே ஒப்பவில்லை. நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். இங்கே எள்ளப்படுபவர் கடவுளல்லர். ஏட்டை அளவுகோலாக்கிக்கொண்டு, எதிரே நிற்கும் உண்மையைக் காணாத நாமே.

இவற்றுக்கெல்லாம் மேலானது ஆசிரியரின் அடக்கம். ஓரிடத்திலேனும், “வாசகரே, சிரியுங்கள்” என்று அவர் நம் விலாவில் இடிப்பதில்லை. நடந்ததை நடந்தவாறு கூறுபவர்போல முகத்தைச் சலனமின்றி வைத்துக்கொள்கிறார். கூறுபவர் சிரித்துவிட்டாற் கேட்பவருக்கு எஞ்சுவது ஏது?

முடிவில், மனிதருக்கு எட்ட நின்று வரமளிக்கலாமேயன்றிக் கூடி வாழ முடியாது என்ற கருத்தைக் கூறிக் கடவுள் மறைகிறார். பிள்ளை நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு அவர் செலுத்திய ஆயுட்சந்தா மட்டும் மேசைமேற் கிடக்கிறது. பிள்ளை அதனைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறார்.

காலணாக் கணக்கிலே தொடங்கிய கதை வரவுக் கணக்கிலே முடிகிறது. இறைவனே வீட்டுக்கு வந்து தங்கிப் போனபின்னும் மனிதர் இம்மியும் மாறவில்லை! இதை உணருங்கால் நம் சிரிப்பு மெல்ல அடங்குகிறது; நம் வீட்டுக் கணக்குப் புத்தகமும் நினைவுக்கு வருகிறது. அந்த நினைவைத் தருவதே உயர்ந்த நகைச்சுவை.

நகைச்சுவை எழுத விழையும் மாணவர்கள் இக்கதையை இருமுறை படிக்கட்டும்: முதன்முறை வாய்விட்டுச் சிரிப்பதற்கு, மறுமுறை, எவ்விடத்தில் ஏன் சிரித்தோம் என்று கண்டறிவதற்கு.