ஜப்பானில் ஆங்கிலம் கற்பிப்பார் வாழ்க்கை

விடுதியில் என்னோடு உறையும் நண்பர் ஒருவர், பட்டம் பெற்றபின் ஜப்பான் நாட்டிற்குச் சென்று ஆங்கிலம் கற்பிக்க எண்ணியுள்ளதாகச் சின்னாட்களுக்கு முன் கூறினார். கூறியவர் உடனே, "அங்கே பெறும் சம்பளம் வாழ்க்கைக்குப் போதுமா? குளிரைத் தாங்கலாமா? அவர்கள் மொழி அறியாதவன் அவர்களிடையே எங்ஙனம் நாள் கழிப்பது?" என மூன்று வினாக்களைத் தொடுத்தார். தமிழ் பயிலும் என்னிடம் இவற்றை வினாவியது வியப்பே. எனினும் விடை தேடப் புகுந்த யான் நம் நூல்நிலையத்திற் பல மாலைப் பொழுதுகளைக் கழித்தேன். அங்ஙனம் அறிந்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றேன்.

ஜப்பானில் ஆங்கில வாயிலாகக் கற்பித்த வெளிநாட்டார் பலர். 1871 முதல் 1876 வரை குமமோட்டோ நகரில் ஜேன்ஸ் என்னும் அமெரிக்கர், மொழிபெயர்ப்பாளர் துணையின்றி எல்லாப் பாடங்களையும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அவர் மாணாக்கருட் பலர் கிறித்து நெறியைத் தழுவிப் பின்னர்க் கியோட்டோ நகரத்துத் தோஷிஷா கல்விக்கழகத்தைச் சார்ந்தனர் என்பது நம்மனோர் அறிந்து மகிழத்தக்கது. ஆயினும் ஆசிரியனது அன்றாட வாழ்க்கையைத் தெளிவுற எழுதிவைத்தவர் என்ற வகையில், லப்காடியோ ஹெர்ன் என்பவரையே யான் முதற்கண் எடுத்துக்கொள்கின்றேன்.

ஹெர்ன் 1850ஆம் ஆண்டில் இலெப்கடா என்னும் தீவிற் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்து, அமெரிக்காவிற் பத்திரிகைத் தொழில் செய்தவர். 1890 ஏப்ரல் திங்களில், ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதும் பொருட்டு யோக்கோகாமாத் துறையில் வந்திறங்கினார். வந்த சின்னாளில் அப்பத்திரிகையாரோடு பிணங்கி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டார். கையிற் பொருளில்லை; ஊரோ புதிது. சேம்பர்லின் முதலிய நண்பர்களின் முயற்சியால், ஜப்பான் கடலை அடுத்துள்ள மட்சுயே என்னும் சிற்றூரின் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் அவருக்கு ஆங்கில ஆசிரியர் பதவி கிடைத்தது. மாதச் சம்பளம் 100 யென். தொண்டின் வேட்கையால் அன்று, வயிற்றின் பொருட்டே அவர் இப்பணியை ஏற்றார். இதனை மறைக்க வேண்டுவதில்லை. இன்று அங்குச் செல்வோருட் பலர் நிலையும் இதுவே.

அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில் மட்சுயே சேர்ந்தவர், முதலில் ஆற்றங்கரையிலுள்ள ஒரு சத்திரத்தில் தங்கினார். குளிர்காலம் வந்தது. பனி ஊரையே மூடிற்று. காகிதம் ஒட்டிய மரக்கதவுகளும், கரி கனலும் ஒரு சிறு சட்டியுமே குளிருக்கு அரண். 1891 ஜனவரியில் அவர் நோயுற்றுப் படுக்கையிற் கிடந்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவர் இல்லத்தை நடத்த வந்த செட்சு என்னும் அம்மையார், பழைய போர்வீரர் மரபொன்றில் வறுமையுற்ற குடியைச் சார்ந்தவர். பின்னர் அவரே ஹெர்னின் வாழ்க்கைத் துணைவியாயினார். செட்சுவின் சுற்றத்தாரைத் தாங்கும் பொறுப்பும் ஹெர்னைச் சார்ந்தது. ஆதலின் அதே ஆண்டு நவம்பரில், குளிர் குறைந்ததும் 200 யென் தருவதுமாகிய குமமோட்டோப் பள்ளிக்கு மாறினார். ஊரைப் பிரிய மனமில்லாதிருந்தும் பிரிந்தார். என் நண்பரின் முதலிரண்டு வினாக்களுக்கும் இதனுள் விடை உளது: சம்பளம் தனி ஒருவனுக்குப் போதும், குடும்பத்திற்குப் போதாது, குளிர் வெல்லத்தக்கதன்று, விலகத்தக்கது.

(ஹெர்ன் நம் சமயத் தொண்டரைப்பற்றி எழுதியவை நமக்கு உவப்பானவை அல்ல. அவற்றுட் சில நேர்மையுடையன அல்ல என்பதும் என் கருத்து. அதுபற்றி அவர் எழுதிய பிறவற்றைத் தள்ளிவிடுதல் அறிவுடைமை ஆகாது.)

இனி இக்கால நிலையைக் காண்போம். ஜப்பானிய அரசு 1987ஆம் ஆண்டில் 'ஜெட்' என வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்னும் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் சென்றனர். பின்னர் நாடுகளும் ஆட்களும் பன்மடங்கு பெருகினர். சென்றவருட் பெரும்பாலார் பள்ளிகளில் ஜப்பானிய ஆசிரியர்க்கு உடனாசிரியராய் நிற்பர். ஒப்பந்தம் ஓராண்டினது, ஐந்தாண்டு வரை நீட்டிக்கத்தக்கது. 2012 முதல் முதலாண்டுச் சம்பளம் 33 இலட்சத்து 60 ஆயிரம் யென்னாக இருந்தது; 2025இல் அஃது உயர்த்தப்பெற்றது. இத்திட்டத்தின் வழியன்றி, ஆட்களைத் திரட்டிப் பள்ளிகட்கு அனுப்பும் தனியார் வாயிலாகச் செல்வோரும் பலர். அவர்கட்குச் சம்பளம் பெரும்பாலும் குறைவு. பள்ளி விடுமுறைக் காலத்திற் சம்பளத்தைக் குறைப்பாரும் உளர். ஒப்பந்தத்தில் இவ்வொன்றை முதலிற் படித்துவிட்டுக் கையொப்பமிடுக என்பேன்.

விமான நிலையத்திலேயே குடியிருப்புச் சீட்டு ஒன்று தரப்படும். இருப்பிடம் அமைந்த 14 நாட்களுக்குள் அதனை நகர மன்றத்திற் காட்டி முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். மருத்துவக் காப்புறுதியிற் சேர்ந்தார், மருத்துவச் செலவில் நூற்றுக்கு முப்பது பங்கு தாம் கொடுத்தாற் போதும். பல செயல்கட்குக் கையொப்பத்தினும் முத்திரையே மதிப்புடையதாய் இருந்துவந்தது. வெளிநாட்டார் தம் பெயரைக் கதகானா எழுத்திற் பொறித்துச் சிறு முத்திரை செய்துகொள்வர். வீடு தேடுவதே பெருந்தொல்லை. முன்பணமன்றி, உடைமையாளர்க்கு 'நன்றிப் பணம்' என ஒன்று தரல் வேண்டும். அது திரும்பி வாராது. பிணை நிற்பவர் ஒருவரும் வேண்டும். பல வீடுகளிற் கட்டிலும் இல்லை, அடுப்பும் இல்லை, சிலவற்றில் மின்விளக்கும் இல்லை. முதற் சம்பளம் கைக்கு வரும் முன்னரே இத்துணையும் செலவாம். வெறுங்கையோடு புறப்படுதல் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மின்னாற்றல் 100 வோல்ட்டே ஆதலின், நம் ஊர்ப் பொருள்களுட் பல அங்கே பயன்படா.

அரிசிச் சோறு உண்டு; நம் சோற்றினும் குழைவும் ஒட்டும் தன்மையும் உடையது. புலாலுண்ணாதாரே வருந்துவர். காய்கறிக் குழம்பென எண்ணி உண்பதிலும் மீன்சாறு கலந்திருக்கும். சாலையில் ஊர்திகள் நம் நாட்டிற்போல் இடப்பக்கம் செல்வது ஒரு சிறு ஆறுதல்.

குப்பை போடுதலைப் பற்றிச் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் ஊரிற் குப்பை கொட்டுவதற்கு அறிவு வேண்டுவதில்லை, அங்கே வேண்டும். எரிவன ஒரு நாள், எரியாதன ஒரு நாள், தகரக் கலங்கள் ஒரு நாள், நெகிழிப் புட்டிகள் ஒரு நாள் எனக் கிழமை வகுக்கப்பட்டிருக்கும். புட்டியின் மூடியையும் மேலொட்டிய தாளையும் நீக்கிக் கழுவுதல் வேண்டும். பால் பெட்டியை வெட்டி விரித்து, உலர்த்தி, கட்டுதல் வேண்டும். பல ஊர்களில் நகர மன்றத்தார் குறித்த பையிலன்றி வேறு பையில் இட்டால் எடுத்துச் செல்லார். தவறாக இட்ட பையின்மேல் ஒரு சீட்டை ஒட்டி, அங்கேயே விட்டுச் செல்வர். அது தெருவார் அனைவருக்கும் தெரிய நாள் முழுதும் கிடக்கும். தோக்குஷிமா மாகாணத்துக் கமிகட்சு என்னும் சிற்றூரில் குப்பையை நாற்பதுக்கு மேற்பட்ட வகையாகப் பிரிக்கின்றனர். தொல்காப்பியர் சொல்லை நான்காக வகுத்ததையே நெட்டுருச் செய்ய இயலாத என் வகுப்புத் தோழர் சிலர் அவ்வூரில் என் செய்வரோ அறியேன். இவ்வொழுங்கில் ஓர் உட்பொருளும் உண்டு. அயலான் குப்பையைச் சரியாக இட்டான் என்பதே அண்டை வீட்டார் அவனைத் தம்முள் ஒருவனாக ஏற்கும் முதற் சான்று என அங்கு வாழ்ந்தோர் பலரும் எழுதுகின்றனர். மொழி அறியாதவன் முதலிற் பேசும் பேச்சு இதுவே போலும்!

வீடுகளில் இன்றும் எல்லா அறைகளையும் வெப்பமூட்டும் வசதி அரிது. மண்ணெண்ணெய் அடுப்பும், அடியில் வெப்பம் தரும் தாழ்ந்த மேசைமேற் போர்வையிட்ட 'கொதாட்சு' என்பதுமே துணை. ஜூன், ஜூலைத் திங்களின் மழைக்காலத்திற் படுக்கையைக் காய வைக்காவிடிற் பூஞ்சை படரும். நிலநடுக்கத்திற்கென நீரும் விளக்கும் உணவும் இட்ட பையொன்றை வாயிலருகே வைத்திருத்தல் எல்லார்க்கும் கடமை. இது வெறும் சடங்கன்று. 2011 மார்ச்சு 11ஆம் நாள் வடகிழக்குக் கரையைக் கடல் விழுங்கியபோது, ஜெட் திட்டத்தின்கீழ்ச் சென்ற அமெரிக்க இளைஞர் இருவர் உயிர் நீத்தனர்; ஒருவர் இஷினோமாக்கியிலும் மற்றவர் ரிக்குசென்தக்காத்தாவிலும் ஆசிரியராய் இருந்தவர்கள். என் நண்பர் வினாவாத வினாவிற்கு விடை இஃது.

பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்குகின்றது. ஜெட் ஆசிரியரிற் பெரும்பாலாரோ கோடை விடுமுறையிற் சென்று சேர்வர். மாணவரில்லாத பள்ளியில், ஆசிரியர் அறையில், பேசும் மொழி விளங்காது பல நாள் அமர்ந்திருத்தலே அவர்க்கு முதற் பணி. வாயிலிற் காலணியைக் கழற்றி உள்ளணியை மாட்டுதல் வேண்டும். நண்பகலில் மாணவரே வெண்டுணி அணிந்து உணவு பரிமாறுவர். ஆசிரியரும் அவரோடு வகுப்பிலேயே உண்பர். பின்னர் மாணவரே பள்ளியைப் பெருக்கித் துடைப்பர். 2020 முதல் தொடக்கப் பள்ளியின் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலும் ஆங்கிலம் ஒரு பாடமாயிற்று. ஆதலிற் சிறுவரோடு பாடி ஆடும் ஆற்றலும் ஆசிரியர்க்கு வேண்டும்.

கற்பித்தலில் நம்மனோர்க்கு ஓர் ஊதியம் உண்டு. ஜப்பானிய மொழியில் 'ன்' ஒன்றொழியச் சொல் மெய்யில் முடியாது. ரகர லகர வேறுபாடும் இல்லை. ஆதலின் 'மில்க்' அவர் வாயில் 'மிருக்கு' ஆகும். 'ஹோட்டல்', 'ஹோட்டெரு' ஆகும். ஆங்கிலேயர் இதனைக் கேட்டு நகைப்பர், தமிழர் நகையார். 'பேங்கு' என உகரம் சேர்த்தும், ரகரம் முதலில் வாராமையின் 'இராமன்' என இகரம் சேர்த்தும் எழுதும் நாம், மொழிமுதல் மொழியிறுதி எழுத்துகளின் வரையறையை நன்னூலிற் படித்தவர்கள் அல்லமோ? பிழை எங்கே பிறக்கின்றது என அறிந்த ஆசிரியனுக்கே அதனைத் திருத்துதல் எளிது. அவர் மொழியும் நம் மொழிபோற் பெயர்க்குப்பின் உருபேற்று, வினையிறுதியில் முடியும் தொடர் அமைப்புடையது. இதுகொண்டு இரு மொழியும் ஓரினம் எனச் சுசுமு ஓனோ என்னும் ஜப்பானியப் பேராசிரியர் கூறினார். மொழிநூலார் பெரும்பாலோர் அதனை ஏற்றிலர். இனமாயினும் அன்றாயினும், தமிழன் அம்மொழியைக் கற்பது ஆங்கிலேயன் கற்பதினும் எளிது என்பது என் துணிபு.

ஆயினும் வாயிலில் ஒரு தடை நிற்கின்றது. அந்நாட்டுப் பள்ளிகளில் மொழியாசிரியராதற்குரிய குடியேற்ற இசைவு பெற விரும்புவோர், தாம் கற்பிக்கும் மொழியின் வாயிலாகப் பன்னிரண்டாண்டேனும் கல்வி கற்றிருத்தல் வேண்டும் என்பது விதி. என் நண்பர் ஆங்கில வாயிலாகப் பயின்றவர், அவர் செல்லலாம். ஊர்ப் பள்ளியில் தமிழ் வாயிலாகப் பயின்ற யானும் என்போன்றோரும் ஆங்கிலம் எத்துணை நன்கு கற்பினும் செல்லல் அரிது. இதனை அறிந்த நாள் சிறிது வருந்தினேன் என்பதை மறைக்கேன்.

மூன்றாம் வினா எஞ்சியுள்ளது. ஹெர்ன் பதினான்கு ஆண்டு ஜப்பானில் வாழ்ந்தார். 1896இல் அந்நாட்டுக் குடிமகனாகிக் கொயிசுமி யாக்குமோ எனப் பெயர் பூண்டு, தோக்கியோப் பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்து, 1904இல் மறைந்தார். இத்தனைக்கும் அவர் ஜப்பானிய மொழியைச் செவ்வையாகக் கற்றாரல்லர். அவரும் செட்சுவும் தமக்குள் ஒரு மொழியை ஆக்கிக்கொண்டனர். உருபுகளை விடுத்து, வினையைத் திரிக்காது, சொற்களை மட்டும் அடுக்கிய மொழி அது. தமிழில், 'நான் நேற்று பள்ளி போ; மாணவர் பலர் நல்ல' என்றாற்போன்றது எனலாம். மட்சுயேயில் அவர் பெயரை 'ஹெருன்' என எழுதிவிட்டனர். அவரும் அதனை விரும்பி ஏற்றார். ஆதலின் அம்மொழிக்கு 'ஹெருன் மொழி' என்றே பெயர் வழங்குகின்றது. உருபில்லாத அம்மொழியிலேதான் செட்சு பழங்கதைகளை இரவில் அவருக்குக் கூறினார். அவற்றுட் பல 1904இல் 'குவைதான்' என்னும் நூலாயின. இலக்கணம் பயிலும் எனக்கு இது சற்றே நாணம் தரும் செய்திதான்.

மட்சுயேயில் கோட்டை அகழியருகே அவர் வாழ்ந்த வீடு இன்றும் காக்கப்பட்டு வருகின்றது. இவற்றையெல்லாம் கூறி முடித்தபோது என் நண்பர், "எத்தனை யென் கொண்டுசெல்வது?" என்றுமட்டும் கேட்டார். வீட்டின் நன்றிப் பணத்தை முதலில் விசாரித்து எழுதுமாறு கூறினேன். கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றார்.