எக்காளம் ஊதுகிறவன் எங்கே நின்றான்?



ரூ காய்க்குச் சாமான் வாங்க வரும் நம் உறவுகளில் கட்டட வேலை செய்பவர்கள் உண்டு. உங்களில் சிலர் கட்டடப் பொறியியல் படிக்கிறீர்கள். போர் நடக்கும் நாட்டில் கட்டுமானத்தை மேற்பார்வை செய்ய அழைத்தால் போகலாமா? இதைப் பற்றிச் சற்று யோசிப்போம்.

இந்தியாவின் எல்லைச் சாலைகள் அமைப்பு ஆப்கானிஸ்தானில் சரஞ்ச் முதல் டெலாராம் வரை ஏறத்தாழ 218 கிலோமீற்றர் வீதி போட்டது. 2005 நவம்பரில் அந்த அமைப்பின் சாரதி ஒருவர், கேரளத்தவர், கடத்திக் கொல்லப்பட்டார். 2008 ஏப்ரலில் தற்கொலைத் தாக்குதலில் மேலும் இருவர் இறந்தனர். ஆப்கானியரின் உயிரிழப்போ இதைவிடப் பல மடங்கு. ஆனாலும் வேலை முடிந்தது. 2009 ஜனவரியில் வீதி ஆப்கான் அரசிடம் கையளிக்கப்பட்டது.

சாதாரண இடத்தில் மேற்பார்வையாளர் சீமெந்து வந்ததா, ஆட்கள் வந்தார்களா என்று பார்ப்பார். அங்கே அதற்கு முன் வேறு கணக்கு இருக்கிறது. இன்று வண்டி எந்தப் பாதையால் போகும்? தாக்கினால் ஆட்கள் எங்கே ஒதுங்குவார்கள்?

நம் ஊரையும் பாருங்கள். 1990இல் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போயின. போர் ஓய்ந்தபின் முதலில் கண்ணிவெடி அகற்றுவோர் இறங்கினார்கள். பிறகுதான் இந்தியாவின் இர்கோன் நிறுவனம் புதிய பாதை அமைத்தது. 2014 அக்டோபர் 13இல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தது. பொறுத்திருப்பதும் கட்டுகிறவனின் வேலைதான்.

நெகேமியா எருசலேமின் அலங்கத்தை 52 நாளில் முடித்தார். பாதிப்பேர் கட்ட, பாதிப்பேர் ஈட்டி பிடித்தார்கள். அலங்கம் நீளமானது, வேலையாட்கள் ஒருவருக்கொருவர் தூரமாய் இருந்தார்கள். ஆகவே எக்காளம் ஊதுகிறவனை அவர் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். ஆபத்து எங்கே வந்தாலும் அனைவரையும் அங்கே கூட்ட வேண்டும் அல்லவா? அவரும் பாதுகாப்பான அரண்மனையில் இருக்கவில்லை, ஜனங்களோடே இருந்தார்.

ஆகவே அப்படி ஓர் அழைப்பு வந்தால், சம்பளத்தைக் கேட்குமுன் மூன்றைக் கேளுங்கள். இந்த வேலையால் அங்குள்ள மக்களுக்கு என்ன பயன்? வெளிநாட்டுப் பொறியியலாளருக்குக் காவல் உண்டு, கல் சுமக்கும் உள்ளூர்க்காரருக்கு உண்டா? ஆபத்து வந்தால் அவர்களை எச்சரிக்க நான் எங்கே நிற்பேன்?

இரண்டாம் கேள்விக்கு "இல்லை" என்பது பதிலானால், அது சரியாகும்வரை வேலையைத் தொடங்க மறுப்பதே மேற்பார்வையாளரின் முதற்கடமை என்று நாம் எண்ணுகிறோம்.