நிற்கப் போகிற வயதில்...

நாற்பத்தைந்தைத் தொட்டுவிட்ட சகோதரிகளே, உங்களோடு கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாமா? வீட்டு ஆண்கள் இந்தப் பக்கத்தைப் படித்தாலும் பாதகமில்லை. படித்தால் நல்லதுதான்.

எங்கள் சின்னமனூரில் மாதவிலக்கு நிற்கிற பருவத்தைப் பற்றி யாரும் உரக்கப் பேசுவதில்லை. "எனக்கு நின்னுபோச்சு மதினி" என்று காதோடு காதாகச் சொல்வதோடு சரி. எனக்கு 47 வயதில் ஆரம்பித்தது. இரண்டு மாதம் வராது. அப்புறம் இருபதே நாளில் வந்து நிற்கும். நடுராத்திரியில் குப்பென்று வேர்த்து ஜாக்கெட் நனைந்துவிடும். காரணமில்லாமல் எல்லோர் மேலும் எரிந்து விழத் தோன்றும். எங்கள் அம்மாச்சியாக இருந்தால், "உடம்புச் சூடுத்தா" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்.

வைத்திய நூலில் இதற்குப் பெயரே உண்டு. ஆயுர்வேதத்தில் 'ரஜோநிவிருத்தி' என்கிறார்கள். 12 வயதில் தொடங்கும் விலக்கு 50-ல் அடங்கும் என்று சுசுருதர் அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். இன்று நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. சூலகம் ஓய்வெடுக்கிறது, ஈஸ்ட்ரோஜன் சுரப்பது குறைகிறது. வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் அதன் விளைவுதான்.

எனக்குத் தெரிந்த சித்த மருத்துவ டாக்டரம்மாவிடம் லேகியம் கேட்டுப் போனேன். "மொதல்ல மருந்தைக் கேக்காதீங்க, சாப்பாட்டைப் பாருங்க" என்றார். விலக்கு நின்ற முதல் சில வருஷங்களில்தான் எலும்பு வேகமாகத் தேய்கிறதாம். 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாத கால்சியம் இருக்கிறது. அரிசியில் 10 தேறினால் அதிகம். முருங்கைக்கீரையும் எள்ளும் அதைவிட ஒரு படி மேல். எல்லாமே நம் வீட்டுச் சாமான்கள்தான்!

உளுந்தங்களியை மறந்துவிடாதீர்கள். கறுப்பு உளுந்தை வாசனை வர வறுத்து, கொஞ்சம் பச்சரிசி சேர்த்து மாவாக்கி, கருப்பட்டிப் பாகில் கட்டி தட்டாமல் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு இறக்க வேண்டும். நாம் வயசுக்கு வந்தபோது இடுப்புக்குப் பலம் என்று ஊட்டிவிட்ட அதே களி, நிற்கிறபோதும் வேண்டியிருக்கிறது. (சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நினைவில் வைக்கவும்.)

வாரம் ஒருநாள் எண்ணெய்க் குளியல், தினம் அரைமணி வெயில் படுகிற நடை, இருட்டும் முன் சாப்பாடு, சாயங்காலத்துக்கு மேல் காப்பி வேண்டாம். இப்படி இருந்ததில் எனக்குத் தூக்கம் திரும்பியது. வேர்வை முழுசாக நின்றது என்று சொல்ல மாட்டேன். தாங்குகிற அளவுக்கு வந்தது. தாங்கவே முடியாதவர்களுக்கு ஹார்மோன் மாத்திரை உண்டு. அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

தண்ணீர்விட்டான் கிழங்கைப் பற்றிப் பலரும் கேட்கிறீர்கள். பழைய பெயர்பெற்ற மூலிகைதான். மார்பில் கட்டி வந்தவர்கள் கேட்காமல் தொடக் கூடாது. பற்பம், செந்தூரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். 14-ல் ஈயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்தது. பஸ் ஸ்டாண்டு வைத்தியரிடம் பொட்டலம் வாங்காதீர்கள். அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா, திராட்சைத் தோட்டத்தில் வேலை. விலக்கு நின்று இரண்டு வருஷம் ஆனபிறகு லேசாகக் கறை பட்டது. "சூடுதான், வேறென்ன" என்று வெந்தயமும் கற்றாழையுமாக எட்டு மாதம் ஓட்டினார். கடைசியில் பார்த்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய். ஆபரேஷன் ஆகி, கரண்ட் வைக்க மதுரைக்கு நடையாய் நடந்து, ஆண்டவன் புண்ணியத்தில் பிழைத்துக்கொண்டார். ஒரு வருஷம் முழுதாக நின்ற பிறகு ஒரு சொட்டுப் பட்டாலும் அதே வாரம் டாக்டரிடம் போங்கள். நிற்கும் முன்பே கட்டி கட்டியாகப் போனாலும் அப்படித்தான். "நிக்கிற நேரம் அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அதற்காக, "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றதும் தலையாட்டவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019-ல் அரசுக் குழு விசாரித்தபோது, 13,000-க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை எடுத்திருந்தது தெரியவந்தது. பலருக்கு 40 வயதுகூட ஆகவில்லை! சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால், மெல்ல மெல்ல வர வேண்டிய பருவம் ஒரே நாளில் வந்து இறங்கிவிடும். ஏன் எடுக்க வேண்டும், மாத்திரையில் தீராதா என்று கேளுங்கள். இன்னொரு டாக்டரிடமும் ஸ்கேனைக் காட்டுங்கள்.

இன்னொன்று. இரண்டு மூன்று மாதம் வரவில்லை என்றதும் 'நின்றுவிட்டது' என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். 12 மாதம் தொடர்ந்து வராதவரை கரு தங்கலாம். குடும்பக் கட்டுப்பாடு செய்யாதவர்கள் அதுவரை தடுப்பு முறையை விட்டுவிடக் கூடாது. மகள் வளைகாப்புக்கு நாள் பார்க்கும்போது அம்மாவுக்கும் மசக்கை என்றால் ஊர் சும்மா இருக்குமா?