கொடையும் கடையும்

ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான ஊர்களில், கடைத்தெருவின் ஓரத்திலோ தேவாலயத்தை ஒட்டிய கூடத்திலோ, மக்கள் ‘ஆப் ஷாப்’ என்று சுருக்கி அழைக்கும் கடை ஒன்றைக் காணலாம்; பிறர் இலவசமாகக் கொடுத்த பழைய ஆடை, பாத்திரம், புத்தகம், மேசை, நாற்காலி முதலியவற்றைக் குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை அறப்பணிக்குச் செலவிடுவது அதன் தொழில். வாய்ப்புக் கடை என்று பொருள்படும் ‘ஆப்பர்ச்சூனிட்டி ஷாப்’ என்ற முழுப்பெயர் 1920-களில் மெல்போர்னில் வழக்குக்கு வந்தது. நாடகத் தொழிலில் புகழ்பெற்ற ஜார்ஜ் டாலிஸின் மனைவி மில்லி டாலிஸ், கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய செயின்ட் வின்சென்ட் மருத்துவமனைக்கு நிதி திரட்டுவதற்காக ஃபிட்ஸ்ராய் பகுதியில் நடத்திய விற்பனைக்கு இப்பெயரைச் சூட்டினார் என்பர். இன்று இத்தகைய கடைகளைக் கிறிஸ்தவர் அல்லாத அமைப்புகளும் நடத்துகின்றன என்றாலும், பெருவாரியானவை திருச்சபைகளிலிருந்து கிளைத்தவையே.

கொடையாக வந்த பொருளை ஏழைக்குக் கொடையாகவே தராமல் விலை வைப்பது ஏன் என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு இயல்பாகவே எழும். அன்னதானத்தையும் ஆடைதானத்தையும் அறிந்த மரபில் தானமாக வந்ததை விற்பது சற்று நெருடவும் செய்யும். இதற்கான விடை இக்கடைகளின் முன்வரலாற்றிலேயே உள்ளது. தமிழ்நாட்டில் இரட்சணிய சேனை என்று அறியப்படும் இயக்கத்தைத் தோற்றுவித்த வில்லியம் பூத், 1890-இல் வெளியிட்ட நூலில், லண்டனின் வசதியான வீடுகளில் வீணாகும் பொருள்களை வேலையற்றோரைக் கொண்டே திரட்டிச் செப்பனிட்டுப் பயன்படுத்தும் திட்டத்தை விரித்துரைத்தார். 1902-இல் பாஸ்டன் நகரில், எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் போதகர், செல்வர் வாழும் தெருக்களில் சாக்குகளில் சேகரித்த துணிகளையும் செருப்புகளையும் ஏழைகளுக்குக் கூலி கொடுத்துப் பழுதுபார்க்கச் செய்து, சிறு விலைக்கு விற்கும் முறையைத் தொடங்கினார். பின்னாளில் ‘குட்வில்’ என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது அதுவே. இருவர் முயற்சியிலும் விலை என்பது வருமானத்துக்கான வழியாக மட்டும் இருக்கவில்லை. கூலி பெற்றவர் உழைப்பாளி ஆனார். காசு கொடுத்தவர் கையேந்தியவர் அல்லர், வாடிக்கையாளர்.

ஆஸ்திரேலியாவில் ‘வின்னீஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் புனித வின்சென்ட் தே பவுல் சபையின் கடைகளில் இக்கருத்து இன்னும் நுட்பமாகச் செயல்படுகிறது. தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளிலும் இயங்கும் இச்சபையை, 1833-இல் பாரிசில், இருபது வயது மாணவரான ஃபிரெடெரிக் ஓசனாமும் தோழர்களும் தொடங்கினர். 1854-இல் ஜெரால்டு வார்டு என்ற குருவானவர் அதனை மெல்போர்னுக்குக் கொண்டுவந்தார். உறுப்பினர் இருவர் இருவராகச் சென்று வறியோரை அவர்கள் வீட்டிலேயே சந்திப்பது சபையின் தொடக்ககாலம் முதலான வழக்கம். அவ்வாறு சந்திக்கப்படும் குடும்பத்துக்குக் கட்டிலோ போர்வையோ குழந்தைகளுக்கு உடையோ தேவைப்படின், கடையில் காட்டிப் பொருள் பெறுவதற்கான சீட்டு ஒன்று வழங்கப்படுகிறது. குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்த பெண்ணும், தீயில் வீட்டை இழந்தவரும், அகதியாக வந்து வெற்று வாடகை வீட்டில் குடியேறியவரும் அச்சீட்டுடன் வந்து தாங்களே தெரிவுசெய்து எடுத்துச் செல்கின்றனர். அதே வரிசையில் கல்லூரி மாணவர் நிற்பார், பழம்பொருள் சேர்ப்பவர் நிற்பார், பொழுதுபோகாமல் வந்த ஓய்வூதியக்காரரும் நிற்பார். இவர்களுள் இல்லாமையால் வந்தவர் யார் என்று பார்ப்பவர் எவராலும் சொல்ல இயலாது. ஏழைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட இலவச விநியோகக் கூடம் எத்துணை அன்போடு நடத்தப்பட்டாலும் இந்த மறைப்பைத் தர முடியாது.

கடையின் உண்மையான உழைப்பு வாடிக்கையாளர் காணாத பின்னறையில் நடைபெறுகிறது. பைகளில் வந்து குவியும் பொருள்களைப் பிரித்து, கறையும் கிழிசலும் உள்ளவற்றை ஒதுக்கி, சட்டைப்பைகளில் மறந்துபோன பணமோ மூக்குக்கண்ணாடியோ உள்ளதா என்று துழாவி, எஞ்சியவற்றுக்கு விலைச்சீட்டு குத்துகிறார்கள். மின்சாதனங்கள் பல கடைகளில் தகுதி பெற்றவர் சோதித்து அடையாளச் சீட்டு கட்டிய பின்பே விற்பனைக்குச் செல்கின்றன. காரில் பொருத்தும் குழந்தை இருக்கையையும் தலைக்கவசத்தையும், முன்பு விபத்துக்கு உள்ளானவையா என்று அறிய வழியில்லாததால், ஏற்பதே இல்லை. இவ்வேலைகளைச் செய்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத முதிய பெண்கள். அரசின் வேலையின்மை உதவித்தொகைக்கான நிபந்தனையாகத் தொண்டு செய்பவரும், சிறைக்குப் பதிலாகச் சமூகப்பணி செய்யுமாறு நீதிமன்றத்தால் அனுப்பப்பட்டவரும் அதே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பதுண்டு. ஞாயிறு வழிபாட்டுக்கு ஒருநாளும் வராத இவர்களும் அந்தத் திருச்சபையின் சமூகமே என்று கருத இடமுண்டு.

ஈட்டிய பணம் எங்கே போகிறது என்பது கடைக்குக் கடை மாறும். ஓரிடத்தில் வீடற்றோருக்கான தங்குமிடத்துக்கும், வேறோரிடத்தில் மின்கட்டணம் கட்ட முடியாதவருக்கான உதவிக்கும் போகலாம். 1963-இல் சிட்னியில் மெதடிஸ்ட் போதகர் ஆலன் வாக்கர் தொடங்கிய ‘லைஃப்லைன்’, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருப்போர் எந்நேரமும் அழைக்கக்கூடிய தொலைபேசிச் சேவையைத் தன் பழைய துணிக்கடைகளின் வருவாயையும் கொண்டு நடத்துகிறது. கொடையாக வந்த பழம்பொருளை அதன் இயல்பு மாறாமல் அறநிறுவனம் விற்கும்போது 10 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்படுவதில்லை என்பது அரசு தரும் சலுகை.

ஆயினும் கொடுப்போர் அனைவரும் கொடையாளர் என்று கொள்வதற்கில்லை. குப்பைக்கிடங்குக் கட்டணத்தைத் தவிர்க்க விரும்புவோர், கடை பூட்டிய பின் நனைந்த மெத்தையையும் உடைந்த தொலைக்காட்சியையும் வாசலில் போட்டுவிட்டுப் போகின்றனர். அவற்றை அகற்றும் செலவு, ஏழைக்குப் போயிருக்க வேண்டிய பணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. 2019 தொடக்கத்தில், வீட்டை ஒழுங்குசெய்யும் கலையைக் கற்பிக்கும் மாரி கொண்டோவின் தொடர் வெளியானதும் பைகள் மலைபோல் வந்தன. 2020-இல் பெருந்தொற்றால் வீடடைந்து கிடந்தோர் அலமாரிகளைக் காலிசெய்தபோதும் அதுவே நேர்ந்தது. விற்க இயலாத பருத்தித் துணி பட்டறைகளில் எண்ணெய் துடைக்கும் கந்தலாக வெட்டப்படுகிறது. எஞ்சியதில் கணிசமான பகுதி பொதிகளாகக் கப்பலேறுகிறது. செல்வ நாடுகள் கழித்த துணிகளுள் ஒரு பகுதி கானாவின் கண்டமாண்டோ சந்தைக்கும், கம்பளி ஆடைகளுள் ஒரு பகுதி, மீண்டும் உடுத்த முடியாதபடி கிழிக்கப்பட்டு, அரியானா மாநிலத்தின் பானிபட்டுக்கும் சென்றடைகின்றன. பானிபட் ஆலைகள் அவற்றை நாராக்கி, மலிவான போர்வைகளாக நெய்கின்றன.

அண்மைக்காலத்தில் வேறொரு நெருக்கடியும் முளைத்துள்ளது. பழைய ஆடை அணிவது இளைஞரிடையே நாகரிகமாகவும் சூழலைக் காக்கும் செயலாகவும் ஆகிவிட்டதால், கடைகளில் கூட்டம் பெருகியதோடு விலையும் ஏறியிருக்கிறது. நல்ல பொருள்களை மலிவாக வாங்கி இணையத்தில் மறுவிற்பனை செய்வோரும் தோன்றியுள்ளனர். புகழ்பெற்ற நிறுவனத்தின் கம்பளிக் கோட்டு ஒன்று வரும்போது, வாங்கத் தயாராக இருப்பவர் தரக்கூடிய விலையைக் குறித்தால் அறப்பணிக்குக் கூடுதல் பணம் சேரும். குறைந்த விலையைக் குறித்தால், குளிர்காலத்தில் அதனை உடுத்த வேண்டியவருக்கு அது எட்டக்கூடும், அல்லது அவருக்கு முன்பே மறுவிற்பனையாளர் கைக்குப் போகக்கூடும். அத்தகைய பொருள்களைக் கண்ணாடி அலமாரியிலோ தனிக் கடையிலோ வைத்து உயர்ந்த விலைக்கு விற்று, வாசலருகே ஒன்றிரண்டு டாலர் ஆடைகளுக்கென ஒரு தாங்கியை நிறுத்தும் வழக்கத்தைச் சில கடைகள் கைக்கொண்டுள்ளன. மற்றக் கடைகளில் ஒவ்வொரு கோட்டின் விலையும், பின்னறையில் பேனாவோடு அமர்ந்திருக்கும் தொண்டரின் அன்றைய தீர்ப்புக்கே விடப்பட்டுள்ளது.