சுவர் ஏன் வேர்க்கிறது?

"அண்ணா, குக்கர் வச்சா சுவர் வேர்க்குது" என்றாள் தங்கை. கனடாவின் ஸ்கார்பரோவில் அவள் குடியிருக்கும் பேஸ்மென்ட்டில் நின்றிருந்தோம். ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 15 டிகிரி. அவள் கணவர் கட்டிலை நகர்த்தி, சுவரை மூடியிருந்த ஜிப்சம் பலகை ஒன்றைக் கழற்றினார். உள்ளே அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு ஈரத்தில் கனத்துத் தொங்கியது. அதை விலக்கிக் கான்கிரீட்டில் கைவைத்தேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட் போல நனைந்து சில்லிட்டிருந்தது. பலகையின் முதுகெல்லாம் கறுப்பாகப் பூசணம்.

கசிவு எதுவும் இல்லை. ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பு வெளிப்புறம் வேர்க்குமே, அதேதான். 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று, சுமார் 9 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதைத் தொட்டாலும் அதன்மேல் தண்ணீரை விட்டுவிடும். சோறு கொதிக்கிற ஆவி, உள்ளேயே காயப்போட்ட துணியின் ஈரம், நான்கு பேருடைய மூச்சு எல்லாம் பஞ்சின் இழைகளுக்குள் புகுந்து கான்கிரீட்டைத் தொட்டிருக்கின்றன. பஞ்சு வெப்பத்தைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. யாரோ செலவைச் சுருக்கப் பார்த்த வேலை, குழந்தைகள் படுக்கும் கட்டிலுக்குப் பின்னால் பூசணமாக வளர்ந்திருக்கிறது.

பஞ்சை உருவி எறிந்தோம். சுவரைக் காயவிட்ட பிறகு இரண்டு அங்குல நுரைப் பலகைகள் வந்து இறங்கின. எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் என்று பெயர். தெர்மாகோலின் நெருங்கிய உறவு. எட்டடி நீளப் பலகையை ஒரு கையால் தூக்கிவிடலாம். கத்தியால் கீறி ஒடித்தால் தெர்மாகோலைப் போல மணிமணியாக உதிர்வதில்லை. வெட்டுவாய் பட்டுப்போல இருக்கிறது. அதிலுள்ள குமிழி போன்ற நுண்ணிய அறைகளைப் பார்க்க உருப்பெருக்கி வேண்டும்.

சூட்சுமம் அந்த அறைகளில்தான். தெர்மாகோலில் ஏறத்தாழ 98 சதவீதம் காற்று. அசையாத காற்று வெப்பத்தை மிக மெதுவாகத்தான் கடத்தும். அதை அசையவிடாமல் பிடித்து வைப்பது மட்டுமே பிளாஸ்டிக்கின் வேலை. நம் ஊரில் மொட்டைமாடித் தளத்தின்மேல் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்டதும் இதே காற்றை நம்பித்தான். அங்கே வெயில் மேலிருந்து வருகிறது. சூடான காற்று பானையின் மேற்பகுதியிலேயே தங்கிவிடும், கீழே இறங்காது. அதனால் பானை பெரிதாக இருந்தாலும் பாதகமில்லை. குளிர்தேசத்துச் சுவரில் அது நடக்காது. நிமிர்ந்து நிற்கும் அகலமான இடைவெளியில் சூடான பக்கம் காற்று ஏறும், குளிர்ந்த பக்கம் இறங்கும். அந்தச் சுழற்சியே வெப்பத்தைச் சுமந்து போய்விடும். அறை கடுகைவிடச் சிறிதாக இருந்தால் காற்றுக்குச் சுழல இடமில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். உள்ளே 20, வெளியே மைனஸ் 15 டிகிரி என்றால், மண்மட்டத்துக்கு மேலே தெரியும் 20 செ.மீ. கனமுள்ள வெற்றுக் கான்கிரீட்டின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 100 வாட்டுக்கு மேல் வெப்பத்தை இழக்கிறது. சுவர் நெடுக சதுர மீட்டருக்கொரு பழைய குண்டு பல்பை இரவும் பகலும் எரியவிட்டது போல. இரண்டு அங்குலப் பலகையை ஒட்டினால் அது 20 வாட்டுக்குக் கீழே இறங்குகிறது. இன்னும் இரண்டு அங்குலம் சேர்த்தாலோ மேற்கொண்டு மிச்சமாவது 8 வாட் அளவுதான். முதல் பலகைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்துபொந்துகளை அடைக்காமல் அடுத்த பலகைக்குக் காசு கொடுப்பது வீண் என்பது இதிலிருந்து புரியும். இணைப்புகளில் டேப், மூலைகளில் டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரை, உத்தரங்கள் சுவரில் உட்காரும் இடத்தில் அளவாக வெட்டிய துண்டுகள் என்று பாதி நாள் அதிலேயே போனது. அந்தப் பாதி நாள்தான் முக்கியமான வேலை.

அடுத்த பலகையால் பயனே இல்லை என்றும் நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில், கிரானிக்ஸ்டைன் பகுதியில் நான்கு வீடுகள் ஒரே வரிசையாக நிற்கின்றன. இயற்பியலாளர் வோல்ஃப்காங் ஃபைஸ்ட், ஸ்வீடன் பேராசிரியர் பூ ஆடம்சனுடன் சேர்ந்து வளர்த்த யோசனையில் எழுந்தவை. 1991இல் நான்கு குடும்பங்கள் குடியேறின, ஃபைஸ்டின் குடும்பமும் அவற்றில் ஒன்று. சுவரின் வெளிப்புறம் 27.5 செ.மீ. கனத்துக்குத் தெர்மாகோல் வகை நுரை. ஜன்னல்களுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. ஒரு சதுர மீட்டரைச் சூடாக்க அங்கே ஆண்டுக்குச் சுமார் 10 கிலோவாட் மணிதான் செலவாகிறது, அதாவது ஒரு லிட்டர் எண்ணெய் தரும் வெப்பம். 25 ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோதும் நுரையின் திறன் குறையவில்லை. பாசிவ் ஹவுஸ் என்று இன்று உலகெங்கும் கட்டுகிறார்களே, அதற்கு முதல் படி இந்த வீடுகள்தான்.

நுரையில் குறைகளும் உண்டு. முன்பு அதை உப்பவைக்கப் பயன்பட்ட சிஎஃப்சி வாயுக்கள் ஓசோன் படலத்தை அரித்தன. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் அவை படிப்படியாக விலக்கப்பட்டன. எனக்குப் பெரிய கவலை நெருப்பு. 2017 ஜூன் 14 அன்று லண்டனின் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடியில் பிடித்த தீயில் 72 உயிர்கள் போயின. தீ ஏறிப் பரவ முதற்காரணம் பாலிஎதிலீன் உள்ளீடு வைத்த அலுமினியத் தகடுகள். அவற்றுக்குப் பின்னால் இருந்த நுரைப் பலகைகளும் அதில் சேர்ந்து எரிந்தன. குளிரைத் தடுக்க ஒட்டும் பொருள் எரியக்கூடியது என்பதை விற்பவர் உரக்கச் சொல்ல வேண்டும், வாங்குபவர் கேட்டாக வேண்டும். வட அமெரிக்காவில், வீட்டுக்குள் நுரையை வெளியே தெரிய விடக்கூடாது. குறைந்தது அரை அங்குல ஜிப்சம் பலகையால் மூடவேண்டும். தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற அது சில நிமிடங்களை வாங்கித் தரும்.

சுவர் முழுக்க இளஞ்சிவப்பாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. "ரெண்டு நாள் இப்படியே இருக்கட்டுமே" என்றாள் தங்கை. அவள் கணவர் ஒப்பவில்லை. கடைசி ஜிப்சம் பலகையைத் திருகி முடிக்கும்வரை சமையல் மாடியில்தான் நடந்தது.