'பதினேழு' என்றால் போதுமா?

சமூக அறிவியல் வகுப்பு. "தீண்டாமையை ஒழித்த அரசியலமைப்புச் சட்டப் பிரிவு எது?" என்று ஆசிரியர் கேட்கிறார். "பதினேழு" என்று மொத்த வகுப்பும் ஒரே குரலில் சொல்கிறது. ஒரு மதிப்பெண் உறுதி. பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது.

அங்கே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கலாம்: "1950இல் நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தால் நம் ஊரில் எது மாறியது, எது மாறவில்லை?" இதற்கு ஒரு சொல்லில் பதில் கிடையாது. டீக்கடை, கோயில், தண்ணீர்த் தொட்டி, சுடுகாட்டுப் பாதை என்று ஒவ்வொரு பிள்ளையும் ஒன்றைச் சொல்லும். ஊர்த்தெருப் பிள்ளை பார்த்ததும் காலனிப் பிள்ளை பார்த்ததும் ஒன்றாக இருக்காது.

ஒரே விடையை நோக்கிப் போகும் முதல் கேள்வி குவி வினா. பல விடைகளுக்கு இடம் தரும் இரண்டாவது கேள்வி விரி வினா. குவி சிந்தனை, விரி சிந்தனை என்ற இந்தப் பிரிவை 1950களில் முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் கில்ஃபோர்டு.

குவி வினா வேண்டாம் என்பதல்ல. வாய்ப்பாடும் சட்டப் பிரிவும் தெரியாமல் தேர்வும் எழுத முடியாது, உரிமையும் கேட்க முடியாது. ஆனால் அது மட்டும் போதாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை, உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பிரிவு 17 அப்போதும் பாடப்புத்தகத்தில் இருந்தது. மனப்பாடம் செய்த எண் யாருடைய கையையும் தடுக்கவில்லை.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். வகுப்பறைக் கேள்விகளை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ, 1970களில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள். நன்றாகப் படிப்பவர் என்று கருதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம். 'சுமார்' என்று முடிவு கட்டிய பிள்ளைக்குக் குறைந்த நேரம். மூன்று விநாடி காத்திருந்தாலே, அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்கின. நம் வகுப்பறைகளில் அந்தக் கடைசி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அம்பேத்கர் மும்பையில் படித்தபோது, கணக்குப் போட அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார் ஆசிரியர். பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று மற்ற மாணவர்கள் ஓடிப்போய் அவற்றை எடுத்தார்கள். கணக்குக்கு ஒரு விடை இருந்தது. 'ஏன் ஓடினீர்கள்?' என்ற கேள்விதான் அன்றைய உண்மையான பாடமாக இருந்திருக்கும்.

விரி வினா அறிவியலுக்கும் பொருந்தும். "ஒலி எதனால் உண்டாகிறது?" என்றால் "அதிர்வு" என்பதோடு முடிந்துவிடும். "ஒரு பறையின் ஒலியை எந்தெந்த வழிகளில் மாற்றலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். தீயில் காய்ச்சினால் தோல் இறுகி ஓசை கணீரென்று வரும், மழை ஈரத்தில் தொய்ந்துவிடும், குச்சி மாறினால் ஒலியும் மாறும் என்று பதில்கள் வரும். பாட்டனும் அப்பாவும் கையில் வைத்திருந்தது தொழில் மட்டுமல்ல, அறிவும்தான் என்று பிள்ளைக்கு அப்போது தெரியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அந்தக் கேள்வியை வகுப்பு முழுவதற்கும் கேட்க வேண்டும். "உங்க வீட்டுல அடிப்பாங்களே, நீ சொல்லு" என்று ஒரு பிள்ளையை நோக்கி விரல் நீட்டினால் அது பாடமல்ல, அவமானம். சாதியைக் குறித்த கேள்விக்கும் இதுவே விதி. பட்ட துன்பத்தைச் சொல்லும் சுமையைக் காலனிப் பிள்ளையின் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. ஊர்த்தெருப் பிள்ளையும் தான் பார்த்ததைச் சொல்லட்டும். ஏன் அப்படி நடக்கிறது என்று அதுவும் யோசிக்கட்டும்.

பெற்றோர்களே, பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம் "என்ன மார்க்?" என்று கேட்பதோடு, "இன்னிக்கு உன்கிட்ட டீச்சர் என்ன கேட்டாங்க?" என்றும் கேளுங்கள். ஒரு வாரமாக எதுவுமே கேட்கவில்லை என்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேச அதுவே போதுமான காரணம்.

மாணவர்களே, 'பதினேழு' என்று சரியாக எழுதி மதிப்பெண்ணை வாங்கிவிடுங்கள். பிறகு கையை உயர்த்தி, "அப்புறம் ஏன் சார் நம்ம ஊர்ல ரெண்டு சுடுகாடு?" என்று கேளுங்கள்.